வாக்கி-டாக்கி எவ்வளவு தூரம் எட்டும்?

வாக்கி-டாக்கி வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?" என்பதைத்தான். பெட்டியின் மேல் 5 என்றோ 10 என்றோ போட்டிருக்கும்; சில பெட்டிகளில் 30 என்றுகூட இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் விலை பேசப்படுகிறது. திருவிழாக் கூட்டத்திலோ, கட்டடத்தின் அடித்தளத்திலோ, மலைச்சரிவிலோ செட் வெறுமனே இரைந்துகொண்டிருக்கும்போதுதான் அந்த எண் எப்படி வந்தது என்று யோசிக்கிறோம்.

இன்று இந்தக் கருவியை நம்பி வேலை செய்பவர்கள் பலர். திருவிழாக் குழுவினர், கிரேன் ஓட்டுநருக்குக் கீழிருந்து வழி சொல்பவர், மலையேற்றக் குழுவினர், மீனவர்கள், வெள்ள மீட்பில் இறங்கும் தன்னார்வலர்கள் எனப் பட்டியல் நீளும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் செல்பேசிச் சேவை முடங்கிப்போனது. கோபுரமும் கம்பியும் இல்லாமல் இருவர் பேசிக்கொள்ள ஒரு வழி இருப்பதன் அருமையை அந்த நாள்களைக் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வழிக்கும் எல்லைகள் உண்டு. அவற்றை அறியாமல் ஆபத்து நேரத்தில் இதை நம்பி இறங்கக் கூடாது. அறிந்துகொள்ள மின்னணுவியல் பட்டமும் தேவையில்லை. செட்டுக்குள் என்ன இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று பொறுமையாகப் பார்த்தாலே போதும்.

கோபுரம் இல்லாத பேச்சு

பக்கத்தில் நிற்பவரைச் செல்பேசியில் அழைத்தாலும் நம் குரல் கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து நிறுவனத்தின் இணைப்பகம் வழியாகச் சுற்றித்தான் அவரிடம் திரும்பி வருகிறது. கோபுரத்தில் மின்சாரம் நின்றால் எல்லாம் நின்றுவிடும். வாக்கி-டாக்கியில் நடுவில் யாரும் இல்லை. இந்த ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை நேராக அந்த ஆன்டெனாவைத் தொடுகிறது. நடுவில் யாரும் இல்லாததால், அலையை மீண்டும் பெருக்கி அனுப்பவும் யாரும் இல்லை. கருவியின் பலம், பலவீனம் இரண்டும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் கையில் வைத்திருந்த எஸ்.சி.ஆர்.-536 என்ற செட், இன்றைய கையடக்க செட்டுகளுக்கு முன்னோடி. பிற்காலத்தில் மோட்டரோலா என்று பெயர் மாறிய கால்வின் நிறுவனம் அதை உருவாக்கியது. உள்ளே ஐந்து வெற்றிடக் குழாய்கள், சுமார் 2.3 கிலோ எடை, ஒரே ஒரு சேனல். ஆன்டெனாவை வெளியே இழுத்தால்தான் செட் இயங்கும். அதன் திறன் அரை வாட்டைக்கூட எட்டவில்லை. தரையில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் எட்டிய அதே செட், கடலின் மேல் சுமார் ஐந்து கிலோமீட்டர் எட்டியது.

செட் ஒன்றுதான், திறனும் ஒன்றுதான். நின்ற இடம் மாறியதும் தூரம் மூன்று மடங்கானது. ஆக, செட்டும் அது நிற்கும் இடமும் சேர்ந்துதான் தூரத்தைத் தீர்மானிக்கின்றன. பெட்டியின் மேல் ஒரே ஓர் எண்ணை அச்சிடுகிறவர் இதில் பாதியை மறைத்துவிடுகிறார்.

பொத்தானை அழுத்தியதும்

செட்டின் இடப்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் நீளமான ஒரு பொத்தான் இருக்கும். பி.டி.டி., அதாவது அழுத்திப் பேசும் பொத்தான், என்பார்கள். இடக்கையில் செட்டைப் பிடித்து இடக் கட்டைவிரலால் அழுத்தினால், வலக்கை எழுதவோ கயிற்றைப் பிடிக்கவோ மிஞ்சும். அதற்காகத்தான் அந்த இடம்.

பொத்தானை அழுத்திய கணத்தில் செட்டுக்குள் பல வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. கேட்கும் பகுதி ஆன்டெனாவிலிருந்து துண்டிக்கப்பட்டு, அனுப்பும் பகுதி அங்கே இணைக்கப்படுகிறது. குவார்ட்ஸ் படிகம் ஒன்று மாறாத வேகத்தில் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பை அளவுகோலாக வைத்து, வேண்டிய அதிர்வெண்ணில் ஓர் அலை உருவாக்கப்படுகிறது. மைக்கில் விழும் குரல் அந்த அலையின் அதிர்வெண்ணைச் சற்றே முன்னும் பின்னும் அசைக்கிறது, இதுதான் எஃப்.எம். இன்றைய குறுகிய சேனல்களில் இந்த அசைவு இரு பக்கமும் அதிகபட்சம் 2.5 கிலோஹெர்ட்ஸ். குரல் ஏறிய அலையைத் திறன் பெருக்கி சில வாட் அளவுக்கு உயர்த்துகிறது. தேவையற்ற மேல் அலைகளை ஒரு வடிகட்டி நீக்குகிறது. எஞ்சியது ஆன்டெனா வழியாக வெளியேறுகிறது.

படிகத்தின் துல்லியம் சாதாரண விஷயமில்லை. பத்து லட்சத்தில் 2.5 பங்கு பிழை என்பது இத்தகைய செட்டுகளில் வழக்கமான அளவு. 446 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 1.1 கிலோஹெர்ட்ஸ். சேனலின் மொத்த அகலமே 12.5 கிலோஹெர்ட்ஸ்தான். மலிவான படிகம் வெயிலில் இன்னும் கொஞ்சம் விலகினால் குரல் கரகரக்கும். பக்கத்துச் சேனலையும் கெடுக்கும். மலிவு செட்டுக்கும் தரமான செட்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி இத்தகைய உறுப்புகளுக்கானது.

ஏன் இருவரும் ஒரே நேரத்தில் பேச முடியாது என்று பலர் கேட்பதுண்டு. நல்ல செட் ஒன்றின் கேட்கும் பகுதி, ஆன்டெனாவில் 0.2 மைக்ரோவோல்ட் வந்தாலே குரலைப் பிரித்தெடுத்துவிடும். அதைத் திறனாகக் கணக்கிட்டால், ஒரு வாட்டைப் பத்து கோடி கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே ஆன்டெனாவில், அதே அதிர்வெண்ணில், அதே செட் ஐந்து வாட்டைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது அந்த நுண்ணிய அலையைக் கேட்க வழியில்லை. தவில்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தெருக்கோடியில் கிசுகிசுப்பதைக் கேட்க நினைப்பது போன்றது அது. அதனால் செட் ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே செய்கிறது: பேசும்போது கேட்காது, கேட்கும்போது பேசாது.

இதனால் பயன்படுத்துகிறவர் சில பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். பொத்தானை அழுத்தியவுடன் பேச ஆரம்பித்தால் முதல் சொல் போய்ச் சேராது. அனுப்பும் பகுதி நிலைபெறவும், பேட்டரியை மிச்சப்படுத்த அரைத் தூக்கத்தில் இருக்கும் எதிர்முனைச் செட் விழித்துக்கொள்ளவும் சிறிது நேரம் பிடிக்கும். "போகாதே" என்பதில் முதல் பாதி அறுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அழுத்தி, அரை நொடி பொறுத்து, பிறகு பேச வேண்டும். மைக்கை வாயிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளிச் சற்றுச் சாய்வாகப் பிடித்து, இயல்பான குரலில் பேச வேண்டும். கத்தினால் குரல் சிதையுமே தவிரத் தூரம் கூடாது. முடிந்ததும் "ஓவர்" என்று சொல்லிப் பொத்தானை விட வேண்டும். ஒருவர் செட் மேல் உட்கார்ந்து பொத்தான் அழுந்தியபடியே இருந்தால் அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாது. அதற்காகவே, குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தொடர்ந்து பேசினால் தானே துண்டித்துக்கொள்ளும் வசதி பெரும்பாலான செட்டுகளில் உண்டு. கூட்டாகப் பயன்படுத்தும் செட்டுகளில் அதை ஒரு நிமிடத்தில் அமைத்துவைப்பது நல்லது.

குட்டை ஆன்டெனாவின் விலை

செட்டின் மேல் நிற்கும் கறுப்பு ரப்பர்க் குச்சியைப் பலர் அலங்காரம் போலத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் தூரத்தை நிர்ணயிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 150 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 மீட்டர். 446 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 67 சென்டிமீட்டர். ஆன்டெனா நன்றாக வேலை செய்ய அலைநீளத்தில் கால் பங்காவது இருப்பது நல்லது. அதாவது 150-க்கு அரை மீட்டர், 446-க்கு 17 சென்டிமீட்டர். அரை மீட்டர்க் கம்பியுடன் யாரும் நடமாட முடியாது. ஆகவே அந்தக் கம்பியை ஸ்பிரிங் போலச் சுருட்டி, ரப்பர் உறை போட்டு, ஒரு சாண் உயரத்துக்குள் அடக்கிவிடுகிறார்கள். சுருட்டியதால் வசதி கிடைத்தது. திறனில் ஒரு பகுதி போயிற்று. 150 மெகாஹெர்ட்ஸ் செட்டில் இந்த இழப்பு கூடுதல், 446-இல் குறைவு.

ஆன்டெனாவின் மறுபாதியாக செட்டின் உலோகச் சட்டமும் அதைப் பிடித்திருக்கும் நம் உடலும் வேலை செய்கின்றன. அதனால் செட்டை எப்படிப் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். முகத்துக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்தால் அலை நன்றாகப் பரவும். இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு தனி மைக்கில் பேசினால், உடலே அலையில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். படுக்கவைத்த செட்டிலிருந்து வரும் அலையும் நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனாவும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. குச்சியைக் கையால் பொத்திப் பிடிப்பதும் கூடாது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்துவது எல்லாவற்றிலும் கெடுதல். வெளியேற வழியில்லாத திறன் திரும்பி வந்து திறன் பெருக்கியையே எரித்துவிடக்கூடும்.

வாட்டும் உயரமும்

அடுத்து வாட் கணக்கு. அரை வாட் செட்டுக்குப் பதில் ஐந்து வாட் செட் வாங்கினால் பத்து மடங்கு தூரம் பேசலாம் என்று எண்ணத் தோன்றும். தடையே இல்லாத வெட்டவெளியில்கூடத் திறன் பத்து மடங்கானால் தூரம் மூன்று மடங்குதான் கூடும். தரையை ஒட்டி இருவர் பேசும்போது தரையிலிருந்து தெறிக்கும் அலையும் சேர்ந்து குறுக்கிடுவதால் அந்த லாபமும் சுருங்குகிறது. தூரம் இரண்டு மடங்குகூட ஆகாது. ஆனால் பேட்டரி மட்டும் மளமளவென்று இறங்கும்.

வாட்டை விட வலிய தடை பூமியின் வளைவு. இந்த செட்டுகள் பயன்படுத்தும் வி.எச்.எஃப். (150 மெகாஹெர்ட்ஸ் போன்றவை), யு.எச்.எஃப். (446 போன்றவை) அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்பத்தான் அலையின் அடிவானம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அந்த அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரு முனைகளின் தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கடற்கரை மணலில் இருவர் நிற்கிறார்கள். செட் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில். ஒவ்வொருவருக்கும் 5 கிலோமீட்டர், ஆக மொத்தம் 10. இரண்டு படகுகளில் ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் மொத்தம் ஏறக்குறைய 16. ஒரு படகு, கரையில் 36 மீட்டர்க் கம்பத்தில் ஆன்டெனா என்றால் 33. பெட்டியின் மேல் இருக்கும் 30 எப்படி வரக்கூடும் என்று இப்போது புரியும். மலையுச்சியில் ஒருவரும் சமவெளியில் ஒருவரும் நின்று, நடுவில் ஒரு மரம்கூட மறைக்காமல் இருந்தால் அது பொய்யில்லை. நம் தெருவில் அது உண்மையும் இல்லை. கட்டடங்கள் நெருங்கிய நகரத்தில் ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் தெளிவாகக் கேட்டாலே நிறைவு.

இந்தக் கணக்கை அறியாவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் கரையிலிருந்து மிகத் தொலைவில் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் விடுத்த எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. கையடக்க வி.எச்.எஃப். செட் படகுக்குப் படகு பேசவும், கரையை நெருங்கியபின் உதவி கேட்கவும் நல்ல துணை. 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் 16-ஆம் சேனல் உலகெங்கும் கடலில் ஆபத்து அழைப்புக்கானது. எந்தப் படகுக்காரரும் அதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு எத்தனை வாட் கொடுத்தாலும் அந்த செட் கரையை எட்டித் தராது. அங்கே செயற்கைக்கோள் வழிக் கருவிதான் வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைக் கொடுத்ததாகக் கணக்குக் காட்டக் கூடாது.

கட்டடங்களுக்குள் நிலைமை வேறு. கான்கிரீட்டும் இரும்பும் அலையை விழுங்குகின்றன. ஜன்னல், கதவு, படிக்கட்டு இடைவெளிகளில் புகுந்து தெறித்துச் செல்வதில் யு.எச்.எஃப். அலை மேல்; வயல்வெளி, தோப்பு, கடல் என்றால் வி.எச்.எஃப். மேல். பெரிய கட்டடங்களிலும் மலைப்பகுதிகளிலும் ரிப்பீட்டர் வைப்பது அதனால்தான். உயரமான இடத்தில் இருக்கும் அது ஒரு அதிர்வெண்ணில் கேட்டதை இன்னொரு அதிர்வெண்ணில் உடனே உரக்க அனுப்பும். ரிப்பீட்டரை நம்பியவர்கள் அதையும் சோதித்துவைக்க வேண்டும். நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு தீயணைப்பு வீரர்களுக்காக ஒரு ரிப்பீட்டர் பொருத்தியிருந்தார்கள். அதை முழுமையாக இயக்க இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலன்று காலை ஒன்று மட்டும் அழுத்தப்பட்டிருந்தது என்று விசாரணை ஆணையத்தின் அறிக்கை சொல்கிறது. பேசிப் பார்த்த அதிகாரிகள் அது பழுது என்று கருதி, வடக்குக் கோபுரத்தில் அதைப் பயன்படுத்தாமல் விட்டார்கள். கருவி இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். அதை இயக்கும் முறை கைப்பழக்கமாக ஆகியிருக்கவில்லை.

ரகசியம் என்ற மயக்கம்

யாரும் பேசாதபோது எஃப்.எம். செட் பெரும் இரைச்சலைத்தான் தரும். அதை நாள் முழுக்கக் கேட்க முடியாது. ஆகவே இரைச்சலின் அளவை ஒரு மின்சுற்று கவனித்துக்கொண்டே இருக்கும். உண்மையான அலை வந்து இரைச்சல் தணிந்ததும் ஸ்பீக்கரைத் திறந்துவிடும். இதற்கு ஸ்குவெல்ச் என்று பெயர். அதன் அளவைக் கூட்டிவைத்தால் செட் அமைதியாக இருக்கும்; ஆனால் தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலும் வெளியே நின்றுவிடும். மீட்புப் பணியில் இருப்பவர்கள் இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு அதைக் குறைத்தே வைக்க வேண்டும்.

இதன் மேல் இன்னொரு பூட்டு உண்டு. குரலுடன் சேர்த்து, காதுக்குப் புலப்படாதபடி 67 முதல் 254 ஹெர்ட்ஸுக்குள் ஒரு தாழ்ந்த தொனியை செட் அனுப்பும். அதே தொனி அமைந்த செட்டில் மட்டும் ஸ்பீக்கர் திறக்கும். விற்பனையாளர்கள் இதைத்தான் "பிரைவசி கோடு" என்று விளம்பரப்படுத்துகிறார்கள். அதில் ரகசியம் எதுவும் இல்லை. தொனி அமைக்காத செட்டை அதே சேனலில் வைத்தால் நீங்கள் பேசுவது அத்தனையும் கேட்கும். மற்றவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுப்பதே அதன் வேலை. உங்கள் பேச்சு மற்றவர் காதில் விழுவதை அது தடுக்காது. நோயாளியின் பெயர், பணம் எடுத்துச் செல்லும் வழி, காணாமல் போன குழந்தையின் அடையாளம் ஆகியவற்றைச் சாதாரண அனலாக் செட்டில் சொல்லும்போது ஊரே கேட்கக்கூடும் என்று எண்ணித்தான் சொல்ல வேண்டும். மறைகுறியாக்கம் வேண்டுமென்றால் அந்த வசதியுள்ள டிஜிட்டல் செட்டுக்குத்தான் போக வேண்டும். டிஜிட்டலில் குரல் எல்லைவரை தெளிவாக வரும். எல்லை தாண்டியதும் முன்னறிவிப்பின்றி அறுந்துவிடும். அனலாக்கில் இரைச்சல் கூடிக்கொண்டே போவதால், விலகிப் போகிறோம் என்பது காதுக்கே தெரியும்.

உடலும் உயிரும்

செட்டைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது, நல்ல செட்டாக இருந்தால், வார்த்தெடுத்த ஒரு அலுமினியச் சட்டம். சுற்றுப்பலகை அதன் மேல் திருகுகளால் இறுக்கப்பட்டிருக்கும். செட் விழுந்தால் அடியைத் தாங்குவதும், திறன் பெருக்கியின் சூட்டை வாங்கிப் பரப்புவதும் அந்தச் சட்டம்தான். மலிவு செட்டுகளில் சட்டம் மெலிந்து, சூட்டை ஏற்க இடமில்லாமல் போகும். சில நிமிடம் தொடர்ந்து பேசியதும் முதுகுப்புறம் கொதித்தால் காரணம் இதுதான்.

சட்டத்துக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் நடுவே ரப்பர் வளையம் ஓடும். பொத்தான்களின் மேல் ஒரே துண்டாக ரப்பர் போர்த்தியிருக்கும். ஸ்பீக்கரின் முன் நீரை விடாமல் ஒலியை விடும் மெல்லிய சவ்வு இருக்கும். இவற்றின் தரத்தைத்தான் ஐபி எண் சொல்கிறது. ஐபி 67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். ஐபி 54 தெறிக்கும் நீரை மட்டுமே தாங்கும். ரப்பர் வளையம் காலப்போக்கில் இறுகிப்போகும் என்பதால், எந்த ஐபி எண்ணும் ஆயுள் முழுக்கச் செல்லாது. காது மைக் செருகும் துளையின் மூடி தொலைந்துவிட்டாலே அந்த எண் பொய்யாகிவிடும். கடலில் பயன்படுத்தும் செட்டை ஒவ்வொரு முறையும் நல்ல நீரில் அலசித் துடைக்காவிட்டால் உப்பு முதலில் பேட்டரி முனைகளைத் தின்னும்.

செட்டின் தலையில் இருக்கும் சேனல் திருகைக் கவனியுங்கள். 16 நிலைகள், ஒவ்வொன்றிலும் விரலுக்குத் தெரியும்படி ஒரு சொடுக்கு. நான்கு மின் தொடர்புகளைத் திறந்தும் மூடியும் பதினாறு சேர்க்கைகள் செய்யலாம் என்பதால் வந்த எண்ணிக்கை அது. இருட்டில், கையுறை போட்ட கையில், புகைக்கு நடுவே திரையைப் பார்க்காமலே சொடுக்குகளை எண்ணிச் சேனலை மாற்றலாம். நெருக்கடியில் வேலை செய்பவர்கள் தொடுதிரையை ஒதுக்கி இன்னும் இந்தத் திருகைக் கேட்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது.

பேட்டரி பெரும்பாலும் இரண்டு லித்தியம் அயான் செல்களை அடுத்தடுத்து இணைத்த 7.4 வோல்ட் பெட்டி. அது எத்தனை மணி நேரம் வரும் என்று சொல்ல உற்பத்தியாளர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: 5 சதவீத நேரம் பேச்சு, 5 சதவீதம் கேட்பு, 90 சதவீதம் சும்மா இருப்பது. ஐந்து வாட்டில் பேசும்போது செட் சுமார் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். சும்மா இருக்கையில் அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. 1500 மில்லியாம்பியர்-மணி பேட்டரி இந்த வழக்கப்படி பத்து மணி நேரம் வரும். வெள்ள மீட்பில் யாரும் ஐந்து சதவீதம் பேசுவதில்லை. பாதி நேரம் பேசினால் அதே பேட்டரி இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆளுக்கு ஒரு மாற்று பேட்டரி என்பது ஆடம்பரம் அல்ல.

2024 செப்டம்பர் 18 அன்று லெபனானில் வாக்கி-டாக்கிகள் வெடித்துப் பலர் இறந்ததிலிருந்து, இந்தக் கருவியைக் கையில் எடுக்கவே சிலர் தயங்குகிறார்கள். அங்கே வெடித்தவை, வெடிபொருளை ஒளித்துவைத்து அனுப்பப்பட்ட செட்டுகள். சாதாரண செட்டை ரேடியோ அலை கொண்டு யாரும் அப்படி வெடிக்கவைக்க முடியாது. உப்பிய, நசுங்கிய, போலி லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அந்த ஆபத்து உண்மையானது. உப்பியதைக் கண்டதும் ஒதுக்கிவிட வேண்டும்.

சட்டம் எதை அனுமதிக்கிறது?

காற்றில் இடம் குறைவு. எல்லோரும் எங்கும் பேசினால் யாருக்கும் கேட்காது. அதனால்தான் அதிர்வெண்களை அரசு பங்கிட்டுக் கொடுக்கிறது. இந்தியாவில் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த திறன் வாக்கி-டாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. 12.5 கிலோஹெர்ட்ஸ் வீதம் பிரித்தால் இந்தச் சிறு பட்டையில் 16 சேனல்கள் கிடைக்கும். உரிமம் வேண்டாம் என்றாலும், தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. என்னும் கருவி ஒப்புதல் அந்த செட்டுக்கு இருந்தாக வேண்டும்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஐந்து வாட் இரட்டைப் பட்டை செட்டுகள் பல, 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையும் 400-க்கு மேலும் எந்த அதிர்வெண்ணிலும் பேசக்கூடியவை. காவல்துறை, கடல்சார் சேவை, அமெச்சூர் ரேடியோ என்று பலருக்கு ஒதுக்கிய இடங்கள் அவற்றுக்குள் வருகின்றன. உரிமமின்றி அவற்றில் பேசுவது குற்றம். தெரியாமல் அழுத்திய ஒரு பொத்தான் வேறொருவரின் அவசர அழைப்பை மூழ்கடிக்கக்கூடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். எஃப்.எம்.-இல் இரண்டு அலைகள் ஒரே இடத்தில் மோதினால் வலிமையானது மற்றதை முற்றாக விழுங்கிவிடும். விழுங்கப்பட்டவர் பேசினார் என்பதே கேட்பவருக்குத் தெரியாது. விமானங்கள் இன்றும் ஏ.எம். முறையிலேயே பேசுவதன் நன்மைகளில் ஒன்று, இருவர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல் நடந்தது காதில் விழும் என்பது. ஆர்வம் உள்ளவர்கள் அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் பெற்று முறையாகப் பேசலாம். அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

அதிர்வெண் குறிப்பிடாமலும், உரிமம் தேவை என்று சொல்லாமலும் இணையத் தளங்களில் செட்டுகள் விற்கப்பட்டதைப் பார்த்து, 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த விற்பனைக்கென்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. வரவேற்கத்தக்க நடவடிக்கை. இதில் இன்னும் ஒரு படி போக வேண்டும். பெட்டியின் மேல் கிலோமீட்டரை அச்சிடுகிறவர், அது எந்த இடத்தில், எந்த உயரத்தில் அளந்தது என்றும் அச்சிட வேண்டும். அதிர்வெண், திறன், ஐபி எண், உரிமம் தேவையா என்ற நான்கையும் தமிழ்நாட்டில் விற்கும் பெட்டியில் தமிழிலும் போட வேண்டும். கூலித் தொழிலாளியும் மீனவரும் காசு கொடுத்து வாங்கும் கருவியின் எல்லை, அவர் படிக்கும் மொழியில் இருப்பதே நியாயம்.

வாங்குகிறவருக்கும் கடமை உண்டு. கடையில் கிலோமீட்டரைக் கேட்பதற்குப் பதில் அதிர்வெண்ணையும் இ.டி.ஏ. எண்ணையும் கேளுங்கள். மாற்று பேட்டரி கிடைக்குமா, ஐபி எண் என்ன என்று கேளுங்கள். வாங்கியபின் ஒரு நாள் ஒதுக்கி, செட்டைப் பயன்படுத்தப்போகும் அதே இடத்தில் ஒருவர் நிற்க, மற்றவர் நடந்துகொண்டே பேசட்டும். எங்கே குரல் தேய்கிறது, எந்த முனையில் அறுகிறது, எந்த மாடியிலிருந்து மீண்டும் தெளிகிறது என்று ஊர் வரைபடத்தில் குறியுங்கள். மழைக்காலம் தொடங்குமுன், திருவிழாக் கொடி ஏறுமுன், படகு இறங்குமுன் அந்த வரைபடத்தின் ஒரு நகல் குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். உங்கள் செட் எத்தனை கிலோமீட்டர் எடுக்கும் என்ற கேள்விக்கு நம்பத்தக்க விடை அந்தத் தாளில்தான் இருக்கும்.